கிடாரி சுற்றிய நிலம்

ஹல்பேராவின் புருஷன் நடுக்கடலில் செத்துப்போனான். அதற்குப் பிறகுதான் அவன் அதிகம் பேச ஆரம்பித்தான்.

சுக்கானைப் பிடித்து நின்றபடியே உயிர் போயிருந்தது. பெட்டி செய்து படுக்க வைத்தார்கள். அன்று முதல் பெட்டிக்குள்ளிருந்து ஒரே கேள்வி, இன்னும் கரை வரவில்லையா என்று. இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி கேட்பான். அவள் தூங்கி வெகுகாலம் ஆயிற்று. கப்பலில் கால் நீட்டவும் இடமில்லை. ஆடுகள் நீட்டியிருந்தன.

நார்வேயை விட்டு அவர்கள் கிளம்பியதே நிலம் தேடித்தான். கடைசியில் ஒரு தீவு தென்பட்டது. இங்கே இதுவரை யாருமே குடியிருந்ததில்லை என்று கரையில் நின்ற கெட்டில் என்பவன் சொன்னான். அவன் சட்டம் சொல்பவன். ஆட்களுக்கு முன்பே சட்டம் வந்து இறங்கியிருந்தது.

ஆண்பிள்ளை நெருப்பு மூட்டி நிலம் பிடிக்கலாம். ஹல்பேராவின் தம்பி ஓனுந்த் மூட்டிப் பார்த்தான். அவனுடைய விறகின்மேல் மட்டும் மழை பெய்தது. பெண்பிள்ளை என்றால் ஒரு கிடாரியை, இன்னும் கன்று ஈனாத இளம்பசுவை, பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். சூரியன் உதிக்கும்போது கிளம்பி, மறைவதற்குள் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட வேண்டும். சுற்றி வந்ததெல்லாம் அவளுக்கு. சொந்த மண் இல்லாமல் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

கிளம்பும் இடத்துக்கு அடையாளமாக ஓனுந்த் ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஹல்பேரா கிடாரியின் கயிற்றைப் பிடித்தாள்.

எதிரே தெரிந்த மலைவரை போய்த் திரும்புவதாக எண்ணம். அவள் நடந்தாள். மலையும் நடந்தது. அவள் நின்றால் அதுவும் நின்று மூச்சு வாங்கியது. காலையில் கிடாரிக்குக் கொம்பில்லை. உச்சிவேளையில் நன்றாக முளைத்திருந்தது.

வழியில் ஒருத்தி நின்றிருந்தாள். இடுப்புவரை கல். பக்கத்தில் முழுக்கக் கல்லாய்ப் போன ஒரு மாடு. இங்கே யாரும் குடியில்லை என்றார்களே என்று ஹல்பேரா கேட்டாள்.

“நான் எங்கம்மா குடியிருக்கேன்? நின்னுக்கிட்டிருக்கேன்.”

மலைவரைக்கும் வேண்டுமென்று ஆசைப்பட்டாளாம். பாதி வழியில் சூரியன் போய்விட்டது. நடந்த கோடு மட்டும் உனக்கு என்று சட்டம் தீர்த்துவிட்டது. நீளத்துக்குக் குறைவில்லை, அகலம் ஒரு பாதம்தான். நிற்கலாம், படுக்க முடியாது. மலையை நம்பாதே, இப்போதே திரும்பு என்றாள்.

ஹல்பேரா திரும்பினாள். காலையில் கடந்த ஓடை இப்போது அகலமாக இருந்தது. வெயில் சாயத் தொடங்கியது. கால் கடுத்தது.

எதிரே ஓனுந்த் வந்துகொண்டிருந்தான். பின்னால் நாலு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். கெட்டில் கூடவே வந்தான். முளைக்குச்சி ஓனுந்தின் கையில் இருந்தது.

“மாமா கேட்டுக்கிட்டே இருந்தாரு, அக்கா. என்னால தாங்க முடியல.”

அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவளும் அதைத்தானே இத்தனை நாளும் தாங்கினாள்.

முளைக்குச்சி இருக்கும் இடம்தான் கிளம்பிய இடம், அது கையில் இருந்தால் இன்னும் கிளம்பவே இல்லை என்று கெட்டில் விளக்கினான். சூரியனின் கீழ் விளிம்பு கடலில் நனைந்திருந்தது. ஓனுந்த் அவசரமாகக் குச்சியை அடித்தான். பெட்டியை அதன் அருகே இறக்கினார்கள். கிடாரி இப்போது கிழட்டு மாடாகியிருந்தது. ஹல்பேரா அதை இழுத்துப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். குச்சியைத் தொட்டாள். சூரியன் போய்விட்டது.

நிலம் அவளுடையது என்று கெட்டில் அறிவித்தான். ஒரு பெட்டி கொள்ளும் நிலம். பெட்டியைப் படுக்க வைத்தால் அவளுக்கு இடமில்லை. ஹல்பேராவுக்கு அழுகை வந்தது. அழுதாள்.

“கரை வந்திருச்சா?” என்றான் புருஷன்.

“வந்திருச்சு.”

“எவ்வளவு கிடைச்சுது?”

“ஒரு ஆள் படுக்கலாம்.”

பெட்டிக்குள் அவன் புரண்டு படுப்பது கேட்டது.

“அப்ப நீ படு. என்னை நிக்க வெச்சுப் புதைச்சிரு. நமக்கு நின்னு பழக்கம்தான.”

ஓரமாக ஒடுக்கமாய்க் குழி வெட்டி அவனை நிறுத்தி மூடினார்கள். மிச்ச இடத்தில் ஹல்பேரா படுத்தாள். பாதம் வெளியே இருக்கிறது என்று கெட்டில் சுட்டிக்காட்டினான். அவள் காலை மடக்கிக்கொண்டாள். கெட்டில் திருப்தியாகப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

கண்ணை மூடியதும் நிலம் மெல்ல ஆடியது. பிறகு நகர ஆரம்பித்தது. அலை ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கியது. கீழே அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கன்னத்தை மண்ணில் வைத்தாள்.

“சுக்கானை விடு,” என்றாள். “வந்து சேந்தாச்சு.”

அவன் விட்டான். நிலம் நின்றது.