வெட்டிப் பார்த்த பொருத்து

தெற்கு லூசியானாவின் சதுப்புநீர் கடலைத் தழுவும் கழிமுகத்தில், நண்பகல் கடந்த அவ்வேளை, காற்று அசையாது நின்றது. கொக்கினங்கள் வடதிசை நோக்கிப் பெயர, நாணற்காடு ஓசையின்றி வெளிறிக் கிடக்க, வளைகுடாவின் விளிம்பில் செம்பு நிறத்து முகில்கள் கோட்டை மதில்போல் எழுந்து நிற்க, ஊரார் பலகணிகளுக்குப் பலகை அறைந்து, உடைமைகளை வண்டியேற்றிக்கொண்டிருந்தனர். மறுநாள் புயல் கரையேறும் என்றறிந்த அவ்வூரில், க்ளோவிஸ் துப்ளான்டியின் கலங்கட்டும் கொட்டகையில் மட்டும் ஒருவரும் புறப்படவில்லை.

வெயிலில் கிடத்திய வெள்ளிமீன்போல் அங்கே ஒளிர்ந்தது ஒரு புதுக்கலம். எஃகினும் இலகுவாய், எனினும் அலையின் அறைதலைத் தாங்கும் உரம் வாய்ந்த அலுமினியக் கலவைத் தகடுகளால் ஆனது அது. அத்தகடுகளைப் பற்றவைத்து இணைத்தவள் எலோடி. அன்றே அவள் கணவன் ஓவிட் அதனைச் செலுத்திச் சென்று, கடலிடை எண்ணெய் மேடையில் சிக்கிய தொழிலாளரை மீட்டு வரவேண்டும். அவர்களுள் அவன் தம்பி வில்மரும் ஒருவன்.

ஆயினும் எலோடியின் நெஞ்சம் நிலைகொள்ளவில்லை. காலையில் அடித்தகடுகளின் நடுப்பொருத்தைப் பற்றவைக்கையில், யாரோ திறந்துவிட்ட கதவின் வழியே கடல்மூடுபனி புகுந்தது. சீராகச் சீறிக்கொண்டிருந்த சுடர் ஒரு நொடி பொரிந்து தடுமாறி, மீண்டும் சீரானது. ஈரம் பட்டு உருகும் அலுமினியத்துள் வளி சிறைப்பட்டு நுண்துளைகளாய் உறைந்துவிடும் என்பதை அவள் அறிவாள். மேலே அடுக்கிய காசுகள்போல் அழகு பொலியும் பொருத்து, உள்ளே குளவிக்கூடாய் இருத்தலும் கூடும். பொருத்தின் உள்ளே காட்டும் ஊடுகதிர்ப் படம் எடுப்பவரோ புயலுக்கு அஞ்சி ஊர்நீங்கிவிட்டார். அவள் கலத்தின் அடியில் தவழ்ந்து சென்று தடவினாள், வெளியே வந்தாள், மீண்டும் தவழ்ந்தாள். உள்ளிருப்பதை விரல் எங்ஙனம் அறியும்?

“அந்தப் பொருத்த வெட்டிப் பாக்கணும், முதலாளி. உள்ள குளவிக்கூடா இருந்தாலும் இருக்கும்,” என்றாள்.

“பைத்தியமா உனக்கு?” என்று க்ளோவிஸ் சீறினார். “இதவிட அழகா எவன் போட்டிருக்கான்? வெட்டிட்டுத் திரும்பப் போடறதுக்குள்ள புயலே வந்து உக்காந்துடும்!”

“அழகப் பாத்து ஆளை ஏத்த முடியுமா?”

“அங்க மாட்டிக்கிட்டு நிக்கிறது உன் கொழுந்தன்மா!”

“அதனாலதான் வெட்டச் சொல்றேன்.”

ஓவிட் மனைவியின் முகத்தை நெடிது நோக்கினான். “வெட்டு,” என்றான். “பக்கத்துத் துறையில பழைய இழுவைப் படகு கிடக்கு. ஆமை மாதிரி போகும், ஆனா போகும். நான் அதுல போறேன்.”

அவன் சென்றபின், எலோடி பொருத்தினின்று துண்டுகளை அறுத்தெடுத்து, பிடிகருவியில் இறுக்கி, சம்மட்டியால் அடித்து ஒடித்தாள். ஒடிந்த முகம் சாம்பல் நிறத்துப் பட்டுப்போல் சீராக இருந்தது. ஒரு துளையும் இல்லை.

“இந்தா, உன் குளவிக்கூடு!” என்று க்ளோவிஸ் துண்டை அவள் காலடியில் எறிந்தார். “ஒரு குளவியக்கூட காணோமே!”

மகிழவேண்டிய உள்ளம், புண்பட்ட விலங்குபோல் துடித்தது. நன்றாய் இருந்த கலத்தைக் கரையில் நிறுத்தி, கொண்டவனைக் கிழட்டுப் படகில் அனுப்பிவிட்டோமே என்று வெதும்பியவளாய், அறுத்த இடங்களை மீண்டும் பற்றவைத்தாள். காற்று வலுத்தபின், இறங்குதுறைக்கும் கொட்டகைக்கும் இடையே ஓயாது நடந்தாள்.

மறுநாள் காலை, சாய்ந்த மழையினூடே, ஒருபுறம் சரிந்தவாறு இழுவைப் படகு மீண்டது. எல்லோரும் உயிரோடிருந்தனர். ஆனால் அலை மிகுந்த வேளையில் மேடையின் ஏணியிலிருந்து நழுவிய முதிய தொழிலாளி தியோஃபிலின் வலக்கை முறிந்து தொங்கியது.

“புதுப் படகு வந்திருந்தா நேத்தே கரையேறி இருப்போம், அண்ணி,” என்றான் வில்மர். “உன் சந்தேகம் இவரு கைய ஒடைச்சிடுச்சு.”

“பேசினது போதும், வண்டியில ஏறுடா,” என்றான் ஓவிட்.

புயல் கடந்து ஊர் திரும்பியபின், நண்டிட்ட கம்போக் குழம்போடு அவள் தியோஃபிலின் வீட்டுக்குச் சென்றாள்.

“வெட்டிப் பாத்தியாமே. எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார் அவர்.

“ஒரு குத்தமும் இல்ல. தப்பு என்மேலதான்.”

“வெட்டறதுக்கு முன்னாடி அது உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் இடக்கையால் கரண்டியைத் தடுமாறிப் பற்றினார். “வலி உயிர் போகுது. உம்மேல கோவமும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா கை ஒட்டினதும் அந்தப் படகுலதான் வேலைக்குப் போவேன். வேற எந்தப் படகுலயும் எவனும் வெட்டிப் பாக்கலியே.”

கை சற்றுக் கோணலாகவே கூடியது. வில்மரின் மனமும் அவ்வளவில் நேராகிவிடவில்லை. குளிர்காலத்து வெள்ளிய விடியலொன்றில் தியோஃபில் புதுக்கலத்தில் ஏற, ஓவிட் அதனை நீரில் செலுத்த, அது அலைகளை அறைந்துகொண்டு புள்ளியாய்த் தேய்ந்து மறையும்வரை எலோடி துறையில் நின்றாள். குற்றமின்மை ஒன்று, குற்றமில்லை என்று தெளிந்தறிதல் மற்றொன்று. அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியைக் கடக்க சில வேளைகளில் பெருவிலை கொடுக்க நேர்கிறது. வெட்டிப் பார்த்தவரே எப்போதும் அதனைக் கொடுப்பதும் இல்லை.