நூறாவது சனிக்கிழமை

விஸ்வநாதன் கம்ப்யூட்டரிலிருந்து டெலிபோன் ஒயரைப் பிடுங்கியபோது மணி நாலே முக்கால். கல்பனா அவர் கையிலிருந்து ஒயரை வாங்கி, குனிந்து, திரும்பவும் செருகினாள்.

பெஹாலாவில் இரண்டாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் டெலிபோன் இணைப்பு ஹாலில் மட்டும்தான். அதனால் கம்ப்யூட்டரும் ஹாலில். அதே ஹாலில்தான் இப்போது அவள் புருஷன் பத்மநாபனையும் கிடத்தியிருந்தார்கள். தெற்கே தலை, தலைமாட்டில் விளக்கு, இரண்டு பக்கமும் சாக்கில் சுற்றிய ஐஸ் பாளம். காலை எட்டரைக்கு நர்சிங் ஹோமில் உயிர் போயிருந்தது. மகன் மகேஷ் ஹைதராபாத்திலிருந்து விமானத்தில் வந்துகொண்டிருந்தான். அவன் ஆறரைக்கு வீடு வந்து சேர்ந்ததும் காளிகாட் பக்கத்துச் சுடுகாட்டுக்கு எடுப்பதாக ஏற்பாடு.

அதுவரை அழுவதைத் தவிர யாருக்கும் வேலை இல்லை, கல்பனாவைத் தவிர.

"ஆத்துல சாவு விழுந்திருக்கு" என்றார் விஸ்வநாதன். பத்மநாபனுக்கு அண்ணா, ஹவுராவில் ரயில்வே உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். "துக்கம் விசாரிக்க ஊரெல்லாம் போன் பண்ணுவா. நீ இண்டர்நெட்டைப் போட்டுண்டு உக்காந்தா லைன் எங்கேஜ்டுன்னு வரும். என்ன நினைப்பா?"

"கீழே குடியிருக்கற தாராதி ஆத்து நம்பரைக் குடுத்திருக்கேன் அண்ணா. விசாரிக்கறவா அங்கே விசாரிக்கட்டும்."

"மகேஷ் பண்ணினா?"

"அவன் ப்ளேன்ல இருக்கான்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புருஷன் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒருத்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதை அவர்கள் பார்த்ததில்லை. புத்தி பேதலித்துவிட்டது பாவம் என்று ஒரு மாமி சொன்னாள், காதில் விழட்டும் என்றே.

அந்தப் 'பாவம்' கல்பனாவுக்குப் பழகிய வார்த்தை. தொண்ணூற்றொன்பதில் பத்மநாபன் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிய நாளிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஐம்பத்து நாலு வயதில் வேலை போச்சு, பாவம். கல்யாண வீட்டில் அவருக்கு இலை போடும்போதுகூட அந்த வார்த்தையையும் சேர்த்துப் பரிமாறினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்காகக் கடை திறந்தார்.

கடை என்றால் கம்ப்யூட்டருக்குள் ஓர் அரட்டை அறை. 'பத்துவின் கடை' என்று தன் செல்லப் பெயரையே வைத்திருந்தார். தொழிற்சாலை ஒருமுறை அவரைப் பயிற்சிக்காக மூன்று வாரம் இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தது. அங்கே ஒரு மதுக்கடையில் கூட்டாளிகள் பீர் குடிக்க, இவர் லெமன் சோடாவோடு உட்கார்ந்து, மேஜைக்கு மேஜை கத்திக்கொண்டு வினாடி வினா விளையாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறார். அந்தப் பைத்தியம் பதினைந்து வருஷமாக உள்ளே கிடந்து, வேலை போனதும் வெளியே வந்தது.

சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கடை திறக்கும். உள்ளே வருகிறவர் முதலில் தனக்கு என்ன பானம் என்று எழுத வேண்டும். ரம், பில்டர் காபி, கங்கா ஜலம், எதுவும் சரி. கடைக்காரருக்கு எப்போதும் லெமன் சோடா. பதினைந்து கேள்விகள். அதில் பதினைந்தாவதற்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. அதன் விடை கடைக்காரருக்கே தெரிந்திருக்கக் கூடாது. எல்லோரும் ஒரு வாரம் தேடிவிட்டு, அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு விடையோடு வர வேண்டும்.

கேள்வி கேட்கிறவரே தெரியாது என்றால் மரியாதை போய்விடாதா என்று கல்பனா ஒருமுறை கேட்டாள். தெரியாது என்று தைரியமாகச் சொல்ல மனுஷனுக்கு ஓர் இடம் வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அப்போதெல்லாம் அவளும் கேலிதான் செய்தாள். ஆனால் இதயம் பலவீனப்பட்டு அவர் விரல்கள் வீங்கிப்போன கடைசி இரண்டு மாதம் அவர் சொல்லச் சொல்லத் தட்டியது அவள்தான். தொண்ணூற்றொன்பது சனிக்கிழமை கடை ஒருநாள்கூட மூடவில்லை. செவ்வாய்க்கிழமை நர்சிங் ஹோமில் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அவர் சொன்னது இதுதான்: "வர சனிக்கிழமை நூறு. நான் இல்லேன்னாலும் தொற. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். ஒருத்தரும் பாவம்னு சொல்லாம பாத்துக்கோ."

ஐந்து மணிக்கு அவள் இணைப்பைப் போட்டாள். மோடம் கீச்சிட்டுக் கரகரத்தது. அழுதுகொண்டிருந்த மாமிகள் அழுகையை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். விஸ்வநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொரு பேர் வந்தார்கள். ஜாம்ஷெட்பூர் நாகரத்தினம் வழக்கம்போல ரம் கேட்டார். மஸ்கட்டிலிருந்து உத்தமன் இஞ்சி டீ கேட்டான். பத்மநாபன் பெயரில் கல்பனா லெமன் சோடா என்று தட்டினாள். உடனே முதல் கேள்வியை ஆரம்பித்தாள்.

கடைக்காரர் கை இன்று ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று உத்தமன் கேட்டான். இங்கே ரொம்பக் குளிர் என்று எழுதினாள். அது பொய்யில்லை. ஐஸ் பாளம் அவள் காலுக்கு ஒரு முழத்தில் இருந்தது.

மூன்றாம் கேள்வியைத் தட்டும்போது வாய்விட்டே படித்தாள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நாலில் ஹவுராவிலிருந்து கிளம்பிய முதல் பயணி ரயில் எந்த ஊர்வரை போயிற்று?

"ஹூக்ளி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கல்பனா திரும்பவில்லை. நோட்டை மட்டும் தூக்கி விஸ்வநாதனிடம் நீட்டினாள். மூன்றாம் கேள்வி ஓரத்தில் பென்சிலால், கோணல்மாணலாக, 'அண்ணாவுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தது. விஸ்வநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு ஒரு முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் கேள்விகளை அவர் வாசித்தார், அவள் தட்டினாள்.

ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்பது ஒன்பதாம் கேள்வி. மூன்று. இருந்த ஒன்றே ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்த மனுஷன் இதை எப்படிச் சிரிக்காமல் எழுதினாரோ என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். அவளுக்கு அவர்மேல் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. அழுதுகொண்டே பத்தாம் கேள்வியைத் தட்டினாள்.

பதினாலு முடிந்தது. விஸ்வநாதன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினைந்து என்று எண் மட்டும் போட்டிருந்தது. எதிரே ஒன்றுமில்லை.

"எழுதலையேம்மா. முடிச்சுடலாமா?"

"இல்லே அண்ணா. விடை தெரியாத கேள்விதானே? எங்கிட்ட ஒண்ணு இருக்கு."

அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். கடைக்காரர் இன்று காலை எட்டரைக்குப் போய்விட்டார். தட்டிக்கொண்டிருப்பது அவர் மனைவி கல்பனா. அவர் இதோ பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். பாவம் என்று யாராவது எழுதினால் இரண்டு மதிப்பெண் குறைப்பேன். கேள்வி பதினைந்து: இனிமேல் சனிக்கிழமை ஐந்து மணிக்கு நான் என்ன செய்வது?

திரை அசையவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. லைன் அறுந்துவிட்டதோ என்று விஸ்வநாதன் குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தார். ஒயர் சரியாகத்தான் இருந்தது.

பிறகு நாகரத்தினத்தின் வரி வந்தது. கடைச் சட்டப்படி பதினைந்தாம் கேள்விக்கு விடை அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்குத்தான், எல்லோரும் தேடிக்கொண்டு வருகிறோம், நீங்கள் கடையைத் திறந்து வையுங்கள் அம்மா என்று எழுதியிருந்தார். அதன் கீழே உத்தமன், எனக்கு அன்றைக்கு லெமன் சோடா என்று எழுதினான்.

ஒருவர்கூடப் பாவம் என்று எழுதவில்லை.

கல்பனா மதிப்பெண்களைக் கூட்டி அறிவித்தாள். நூறாவது ஆட்டத்தில் ஜெயித்தது ராஞ்சியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டித்து ஒயரைக் கழற்றினாள்.

கழற்றியதுமே டெலிபோன் அடித்தது. விஸ்வநாதன் எடுத்தார். மதராஸிலிருந்து அவருடைய அத்தை பிள்ளை சுந்தரேசன். ஒரு மணி நேரமாக எங்கேஜ்டு, சாவு வீட்டில் யார் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது என்று அவர் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. மாமிகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆமா சுந்தரேசா, எங்கேஜ்டாத்தான் இருந்தது" என்றார் விஸ்வநாதன். "நம்ம பத்து குவிஸ் நடத்திண்டிருந்தான்."

ஐஸ் உருகிய தண்ணீர் தரையில் ஓடி மேஜைக் காலை எட்டியிருந்தது. கல்பனா கீழே கிடந்த ஒயரை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, நனையாதபடி சுருட்டிக் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள்.