அறை எண் கேட்டவர்

அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஓட்டலின் வரவேற்பு மேசைக்குத் திரும்பியபோது, வேலைக்குப் புதியவள் யாருக்கோ லிஃப்டைக் காட்டி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இருநூத்திப் பதினாலு மேடத்தோட வீட்டுக்காரர் வந்தாரு. ரூம் நம்பர் கேட்டாரு, சொல்லி அனுப்பிட்டேன். நல்லாச் சிரிச்சுப் பேசுறாரு."

சாப்பிட்டு வந்தவள் லிஃப்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஓட்டலில் அவளைக் கம்ப்யூட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த விருந்தாளிக்கு எத்தனை தலையணை, யாருக்கு ஜன்னலோர அறை, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். தொடக்கத்தில் புதியவளுக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் கொடுத்தாள். அவளோ அதையெல்லாம் தானே கண்டுபிடித்ததுபோல மேனேஜர் முன்னால் எடுத்துவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் நாற்காலி ஒன்றுதான். போட்டிக்கு இவர்கள் இரண்டு பேர். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் வாயைத் திறப்பதில்லை.

காலையில் இருநூற்றுப் பதினாலாம் அறைக்கு வந்த பெண் கையெழுத்துப் போடும்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றியிருந்த துப்பட்டாவைத் தளர்த்தவேயில்லை.

"யார் வந்து கேட்டாலும் நான் இங்க இல்லைன்னு சொல்லிடுங்கம்மா. என் வீட்டுக்காரரே வந்தாலும்."

"நான் பாத்துக்கறேன்" என்றதும் அந்த முகத்தில் வந்த நிம்மதியை இவள் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டாள். சாப்பிடக் கிளம்பும்போது, "எதாவது சொல்லணுமாக்கா?" என்று புதியவள் கேட்கத்தான் செய்தாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

இப்போது அறைக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

"வாட்ச்மேனை மேல அனுப்பு. போலீசுக்குப் போன் போடு, சீக்கிரம்!"

"என்னாச்சுக்கா?"

"அவன்கிட்டருந்து தப்பிச்சு வந்தவடி அவ. எனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லல."

புதியவளின் முகம் வெளுத்துப்போனது. "நான் கேட்டேனேக்கா..."

லிஃப்ட் இன்னும் கீழே வரவில்லை. படியில் ஓடினாள். ஒருவேளை உண்மையிலேயே சமாதானமாகப் பேச வந்திருப்பானோ என்று மனம் வழியெல்லாம் கெஞ்சியது. இரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் ஆளே இல்லை. தடித்த கம்பளத்தில் அவள் காலடிச் சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. தட்டினாள்.

"மேடம்... ரிசப்ஷன்லருந்து..."

டிவி சட்டென்று நின்றது. கதவுக்கும் தரைக்கும் நடுவே கோடாகத் தெரிந்த வெளிச்சத்தில் இரண்டு பாதங்களின் நிழல் வந்து நின்றது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அது அசையாமல் அங்கேயே நின்றது.