வெள்ளிக்கிழமை எலி தின்னாத பாம்பு

நல்லூர்க் கந்தனைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தொண்ணூற்று நாலில் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து அஜின்கோர்ட்டில் இருந்த வாடகை வீட்டில் நாய், பூனை வளர்க்க விடமாட்டார்கள். பாம்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆசை வந்தது.

"நான் பாத்துச் சரியெண்டாத்தான் அது வீட்டுக்குள்ள வரும்," என்றாள் என் மனைவி மங்கையற்கரசி.

செல்லப்பிராணிகள் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் செம்மஞ்சள் நிறத்தில் கோர்ன் ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு ஒன்றை எடுத்து வந்தார். முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதுதான் தோது, சரியான சாது என்றார். மங்கையற்கரசி கண்ணைச் சுருக்கினாள். மாப்பிள்ளை பார்க்கிற பார்வை.

"இவ்வளவு அடக்கமெண்டால் என்னவோ இருக்கு. இஞ்சாருங்கோ, எந்த ஊராம்? தாய் தேப்பன் ஆராம்?"

நான் மொழிபெயர்த்தேன். காட்டில் பிடித்ததல்ல, இங்கேயே பிறந்தது, அதனால்தான் கடிக்காது என்றார் அவர்.

"இஞ்ச பிறந்ததோ? அப்ப சொல்வழி கேளாது. என்ன சாப்பிடுமாம்?"

"கிழமைக்கு ஒரு எலியாம்."

"வெள்ளிக்கிழமையிலுமோ?"

கடைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பாம்பே தலையை இடமும் வலமுமாக ஆட்டி, இல்லை என்றது. பிறகு அவளுடைய கையில் ஏறி, காப்புகளோடு இன்னொரு காப்பாகச் சுருண்டு படுத்தது.

"நடிக்குது. எங்கட மூத்தவளைப் பாக்க வந்தவனும் இப்பிடித்தான் இருந்தவன்," என்றாள். ஆனால் கையை உதறவில்லை. "சரி, கொண்டு போய்ப் பாப்பம்."

அன்று கடைக்குள் போனது அவள் மட்டும்தான். நான் பயத்தில் காரை விட்டு இறங்கவேயில்லை.