இடப்பக்கமாகவே ஒரு நாள்

என் அக்கா லோர்னா சிட்னியிலிருந்து உல்லாசக் கப்பலில் வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மெல்போர்னில் இறங்குவாள், சாயங்காலம் நாலரைக்குள் மறுபடி ஏறிவிட வேண்டும் என்று தெரிந்த நாளிலிருந்து என் மகள் ரேலீனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எட்டரை மணி நேரத்துக்குள் ஊர் முழுவதையும் காட்டிவிட வேண்டுமாம். லோர்னா இதே ஊரில் பிறந்து முப்பத்துநாலு வயதுவரை இங்கேயே இருந்தவள். அதைச் சொன்னேன்.

"அது அந்தக் காலம்ப்பா. இப்ப எல்லாமே மாறிடுச்சு," என்றாள்.

மாறியது உண்மைதான். அப்போதெல்லாம் சந்துச் சுவரில் பெயின்ட் அடித்த பையன்களைப் போலீஸ்காரன் காதைத் திருகி இழுத்துப் போவான். இப்போது விருந்தாளிகளைக் கூட்டிப்போய் அந்தச் சுவரைக் காட்டுகிறோம்.

எனக்கு வேண்டியது என்ன என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். லோர்னாவின் புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. சிட்னி வீட்டை விற்றுவிட்டாள். பிரிஸ்பேனில் இருக்கும் அவள் மகன் கேவின், அங்கே ஒரு முதியோர் குடியிருப்பில் அவளுக்கு அறை பார்த்து வைத்திருக்கிறான். கப்பல் சிட்னிக்குத் திரும்பியதும், புதன்கிழமை அவள் கையெழுத்துப் போட வேண்டும். ஃபுட்ஸ்கிரேயில் என் வீட்டுக்குப் பின்கட்டு ஒன்று உண்டு. அதில் குடியிருந்த நர்சுப் பெண் ஆகஸ்டில் காலி செய்து போனாள். அதற்குப் பிறகு யாருக்கும் நான் விடவில்லை. பெயின்ட் அடித்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பதித்தேன். லோர்னா அங்கே வந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஃபோனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஃபோனில் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நேரில் வந்து அந்தக் கம்பியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் பார்ப்போம் என்பது என் எண்ணம். அதற்கு அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அங்கேதான் என் மாப்பிள்ளை கேம்ரன் குறுக்கே வந்தான்.

கேம்ரன் பெர்த் ஊர்க்காரன். ஏதோ ஒரு கம்பெனியில், எங்கே என்ன ஆபத்து வரக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவன் உத்தியோகம். ஆபத்து வந்தபின் என்ன செய்வது என்பது வேறு டிபார்ட்மென்டாம். கப்பல் வர இரண்டு வாரம் இருக்கையில், சமையலறை மேஜையில் கம்ப்யூட்டரை விரித்து வைத்துக்கொண்டு பயணத் திட்டம் போட்டான். பதினோரு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

"ஒன்பது அம்பதுக்குக் காபி. இருபத்தஞ்சு நிமிஷம்," என்றான்.

"ஒரு காபி குடிக்க இருபத்தஞ்சு நிமிஷமா?"

"குடிக்க ஏழுதான், மெர்வ். வரிசையில நிக்கப் பதினெட்டு." மாமனாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"வரிசை இல்லாத கடைக்குப் போயேன்."

ரேலீன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "வரிசையே இல்லாத கடையில காபி எப்படிப்பா நல்லா இருக்கும்?"

காபிக்கு முன்னால் பிரைட்டன் கடற்கரையில் வரிசையாக நிற்கும் வண்ணப் பெட்டிகள். மரத்தால் அடித்த கொட்டகைகள்தாம். தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, ராத்திரி தங்கவும் கூடாது. அது ஒன்றின் விலையில் என் வீட்டை வாங்கிப் பாக்கிக்குக் காரும் வாங்கலாம். அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பன்னிரண்டு நிமிஷம். பிறகு பெயின்ட் அடித்த சந்து. பிறகு மார்க்கெட்டில் ஜாம் வைத்த சூடான டோநட். பிறகு கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் உயரத்தில் கண்ணாடித் தரையில் நின்று, கீழே நாம் வந்த வழியைப் பார்ப்பது.

"இந்தப் பதினொண்ணுல ஃபுட்ஸ்கிரே எங்க?" என்று கேட்டேன்.

"ஃபுட்ஸ்கிரேயில என்னப்பா இருக்கு?"

"நான் இருக்கேன்."

"நீங்கதான் அன்னிக்குப் பூரா எங்ககூடவே வரப்போறீங்களே!"

கேம்ரன் ஃபோனைத் தடவிப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுக்கு யாரும் ஸ்டார் போடல, மெர்வ். ஆற்றோரத்துல ஒரு மீன் கடைக்கு ரெண்டரை இருக்கு," என்றான்.

பின்கட்டைப் பற்றி வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ரேலீனிடம் சொன்னால் அன்று சாயங்காலமே லோர்னாவுக்குப் போய்விடும், அவளும் ஃபோனிலேயே 'வேண்டாம்' என்றுவிடுவாள். திட்டத்தின் அச்செடுத்த தாளை மட்டும் வாங்கி வந்தேன். வழியில் எங்கேயாவது அரை மணி நேரம் திருட முடியுமா என்று பார்க்க, என் பழைய தெருப் படப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். ஐந்தாவது இடத்துக்குள் எனக்கே தலை சுற்றியது. காபிக் கடைக்கு எதிர்த் தெருவில் இருக்கும் சந்துக்கு ஏழு தெரு சுற்றிப் போகிறான். நகரத்துக்குள் நுழைந்ததிலிருந்து வெளியேறுகிறவரை எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்.

மறுநாள் அவன் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"கேம்ரன், உன் வண்டியில வலது பக்கம் திரும்புறது ரிப்பேரா?"

சாசேஜ் ஒன்று கீழே விழுந்தது. "நெரிசலைத் தவிர்க்கத்தான், மெர்வ்."

"கொக்கித் திருப்பம் போட பயமா?"

"பயம்னு இல்ல. தேவையில்லாத ரிஸ்க்."

எங்கள் ஊரில் நகரத்து நடுவே, டிராம் ஓடும் தெருக்களில், வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் சாலையின் இடது ஓரத்துக்குப் போக வேண்டும். சந்திப்புக்குள்ளேயே முன்னேறி ஓரமாய்க் காத்து நின்று, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழுந்ததும் மொத்தச் சாலையையும் ஒரே வீச்சில் வளைத்துக் கடக்க வேண்டும். 'வலது திரும்ப இடதிலிருந்து மட்டும்' என்று பலகையே இருக்கிறது. எழுதியவன் தெளிவாகத்தான் இருந்தான். உலகமே பைத்தியக்காரத்தனம் என்கிறது. எங்களுக்கு அது மூக்குச் சிந்துவது மாதிரி. கேம்ரன் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். ஒரு தடவைகூடப் போட்டதில்லை. ஒரு வலதுக்கு மூன்று இடது, அதுதான் அவன் வழி.

ஞாயிறு காலை லோர்னா கப்பலிலிருந்து இறங்கினாள். வெயில் அடித்தது. அவள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். ஊரை மறக்கவில்லை. கார் கதவைத் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

"கிழவனாயிட்டேடா மெர்வ்," என்றாள்.

"நீ மட்டும் என்ன குமரியா?"

"கப்பல்ல ஒருத்தன் அப்படித்தான் சொன்னான்."

"கண்ணாடி போட்டிருந்தானா?"

முன் இருக்கையில் அவளை உட்கார வைத்தார்கள். நானும் ரேலீனும் பின்னால். வண்ணப் பெட்டிகளின் முன்னால் மழையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். காபி வரிசை இருபத்தாறு நிமிஷம் பிடித்தது. கேம்ரன் முகம் சுருங்கியது. எங்கள் முறை வந்ததும் லோர்னா, "நான் காபி குடிச்சே நாலு வருஷம் ஆச்சு. டீ இருக்கா?" என்று கேட்டாள். எங்களுக்குப் பின்னால் நின்ற தாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். சந்தில் ஒரு கல்யாண ஜோடி குப்பைத் தொட்டி மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்ததால் சுவர் தெரியவில்லை.

"இதையா காட்டக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் லோர்னா.

"அடுத்தது மார்க்கெட், அத்தை," என்றாள் ரேலீன்.

கேம்ரன் இரண்டு வாரமாக வானிலை பார்த்தான், கூட்டம் பார்த்தான், கழிப்பறை எங்கெங்கே என்று பார்த்தான். அன்றைக்கு ஓட்டப் பந்தயம் இருந்ததைப் பார்க்கவில்லை. காலின்ஸ் தெருவில் வில்லியம் தெரு முனைக்கு வந்தபோது இடப்பக்கம் தடுப்பு வைத்திருந்தார்கள். நேரே பார்த்தால் ஜனம் ஓடுகிறது. வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவன் மூச்சிரைக்க நடந்துகொண்டிருந்தான். ஒரு போலீஸ்காரி கையை ஆட்டினாள்.

"நேரே கிடையாது. இடது கிடையாது. எல்லாரும் வலது!"

கேம்ரன் வண்டியை இடது ஓரத்தில் கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்தினான். நிறுத்தினவன் நிறுத்தினவன்தான். விளக்கு பச்சையாகிச் சிவப்பானது. மறுபடி பச்சையானது. பின்னால் ஹாரன் ஊரைக் கூட்டியது. பக்கத்தில் டிராம் ஒன்று தடைபட்டு நின்றிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

போலீஸ்காரி ஜன்னலைத் தட்டினாள். "வண்டியை எடுக்கறீங்களா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"மூணு இடது போட்டா..." என்று அவன் ஆரம்பித்தான்.

"இடதே கிடையாதுன்னு சொல்றேனே!"

லோர்னா சீட் பெல்ட்டைக் கழற்றினாள். "கேம்ரன், இறங்கு."

"அத்தை, உங்களுக்கு எழுபத்தாறு வயசு..."

"எட்டு வருஷம் இந்தத் தெருவுல பேக்கரி வேன் ஓட்டியிருக்கேன். இறங்குடா ராசா."

அவன் இறங்கிப் பின்னால் வந்து என் பக்கத்தில் முட்டியை மடக்கி உட்கார்ந்தான். லோர்னா ஓட்டுகிற இருக்கைக்கு மாறி, அதை முன்னால் இழுத்துக்கொண்டாள். பச்சை விழுந்ததும் இடது ஓரமாகவே சந்திப்புக்குள் போய் நின்றாள். குறுக்குத் தெருவுக்குப் பச்சை. ஒரே வீச்சு. வில்லியம் தெருவில் இருந்தோம். டிராமுக்குள் யாரோ கை தட்டினார்கள். லோர்னா உரக்கச் சிரித்தாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

"சிட்னியில இது கிடையாதுடா," என்றாள்.

"அங்க என்னதான் இருக்கு?"

"அத்தை, மார்க்கெட்டுக்கு அடுத்த..." என்று ரேலீன் தாளைப் புரட்டினாள்.

"டோநட் திங்கவா கப்பல் ஏறி வந்தேன்? இவன் வீட்டைப் பாக்க வந்தேன். அது உங்க லிஸ்ட்ல எத்தனையாவது?"

ரேலீன் தாளைப் பார்த்தாள். கேம்ரன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அது லிஸ்ட்ல இல்ல, அத்தை."

"ஏன்டா மெர்வ், நான் வர்றது உனக்குப் பிடிக்கலையா?"

"நீ வர்றேன்னு சொல்லவே இல்லையே."

"நீ கூப்பிடவே இல்லையே!"

டட்லி தெருவில் இடது திரும்பி, ஃபுட்ஸ்கிரே சாலையைப் பிடித்தாள். யாரையும் வழி கேட்கவில்லை.

பின்கட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவளே திறந்தாள். நான் வாசலில் நின்றேன். உள்ளே போனால் ஏதாவது கேட்டுத் தொலைப்பேன் என்று பயம். சமையல் குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஜன்னலைத் தூக்குகிற சத்தம்.

"இந்தப் பச்சையை யாருடா அடிச்சது?"

"கடையில மிச்சம் இருந்தது அதுதான்."

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

குளியலறைக்குள் போனாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முழு பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். நானே துளை போட்டது. அசையவில்லை.

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றாள். கொடிக்கயிற்றையும் சுவரோரக் குப்பைத் தொட்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குப்பை எந்தக் கிழமை எடுக்கறான்?"

"புதன் காலையில. செவ்வாயே வெளிய வச்சிடணும். மறுசுழற்சிக்குப் போற மஞ்சள் மூடித் தொட்டி மட்டும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்."

"மஞ்சள் எந்த வாரம்னு நான் மறந்துடுவேன்."

"நானும்தான்."

ரேலீன் ரொட்டியும் சீஸும் எடுத்து வந்தாள். நாலு பேரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாலு மணிக்குக் கப்பலடியில் விட்டோம். கேம்ரன்தான் ஓட்டினான். நகரத்துப் பக்கமே போகவில்லை.

அன்று ராத்திரி கேம்ரன் தாளில் பதினொன்றில் மூன்று என்று எழுதி, தோல்வி என்று சிவப்பு அடித்தானாம். அடிக்கட்டும்.

செவ்வாய் சாயங்காலம் ஃபோன் அடித்தது.

"டேய், இந்த வாரம் மஞ்சளா?" என்றாள் லோர்னா.

"மஞ்சள்தான்."

"வெளிய வச்சிட்டியா?"

"இன்னும் இல்ல. நாளைக்குக் கையெழுத்துப் போடணும்ல உனக்கு?"

"வேண்டாம்னு கேவின்கிட்ட சொல்லியாச்சு. முதல்ல போய்த் தொட்டியை வை. அப்புறம் அந்தப் பச்சைக்கு மேல வேற நிறம் அடி."