வாசலில் ஊற்றிய சரிவு

என் மைத்துனன் தையல்காரன். இரண்டு காலும் வராது. நாக்கு மட்டும் மூன்று ஆள் வேலை செய்யும். மறுநாள் காலையில் வணிக வளாகத்துக்குள் அவனுடைய புதுக் கடை திறப்பு. வளாகத்துக்கு இருப்பது ஒரே வாசல், அதிலும் படிகள். படிகளின் மேல் சிமெண்டுச் சரிவு போட்டால்தான் சக்கர நாற்காலியை அவனே உருட்டிக்கொண்டு போக முடியும்.

கொத்தனார் கலவையைக் குழைத்துவிட்டுக் காத்திருந்தார். வளாகச் சங்கமோ, சரிவுக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் என்ன சொல் எழுதுவது என்று தீர்மானித்த பிறகுதான் வேலை என்று கூட்டம் போட்டது. கூட்டம் மாடியில். அவன் தெருவில்.

நடுவில் தூது நான். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? ஏறி இறங்கியதில் என் முழங்கால்கள் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டன.

"ஊனமுற்றோர்னா மனசு புண்படும். மாற்றுத்திறனாளின்னு போடலாம்" என்றார் சங்கத் தலைவரான செருப்புக்கடைக்காரர்.

"அது பழசாயிடுச்சுங்க. சிறப்புத்திறன் செம்மல்?" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

கீழே வந்து சொன்னேன்.

"செம்மலா? பொன்னாடையும் உண்டா அத்தான்? கூட்டாளி நொண்டின்னு கூப்பிட்டா நாலு வசவோட விட்டுடுவேன். வேற எவனாவது கூப்பிட்டா பல்லைப் பேத்துடுவேன். பலகைக்கு மாற்றுத்திறனாளியே போதும், கௌரவமாத்தான் இருக்கு. மொதல்ல சரிவைப் போடச் சொல்லுங்க."

மேலே போய்ச் சொன்னேன்.

"பாவம், உணர்ச்சிவசப்படறாரு. நாமதான் நிதானமா யோசிக்கணும்" என்றார் தலைவர். விவாதம் நீண்டதில், மழுமழுவென்று சவரம் செய்துகொண்டு வந்தவர்களுக்கெல்லாம் மார்புவரை தாடி தொங்கியது.

நான் மறுபடி தெருவுக்கு வந்தபோது, "கலவை இறுகுதுங்க" என்றார் கொத்தனார்.

"ஊத்துங்கண்ணே. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றான் மைத்துனன்.

ஊற்றினார். சுவரிலிருந்து சுவர்வரை, வாசல் முழுக்க ஈரச் சரிவு பளபளத்தது. அப்போதுதான் சங்கம் வெற்றி முகத்தோடு இறங்கி வந்து, வாசற்படிக்கு உள்ளேயே திகைத்து நின்றது.

"ஐயையோ, நாங்க எப்படிப்பா வெளிய வர்றது?"

"காலை வெச்சா பள்ளமாயிடும் தலைவரே. காலையில காஞ்சுடும்" என்றான் மைத்துனன்.

"வீட்டுல தேடுவாங்களே!"

"தேடினா நான் தகவல் சொல்லிடறேன். ஆனா 'வாசல் தாண்ட முடியாதவங்க'ன்னு சொன்னா உங்க மனசு புண்படுமே? உள்ளேயே உட்கார்ந்து, உங்களுக்கு நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வைங்க."

நாற்காலியைத் திருப்பி உருட்டிக்கொண்டு கிளம்பினான். எனக்கு வந்த சிரிப்பில், கொத்தனாரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.