சின்னப்பாவிடம் யார் சொல்வது

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் மாடியில் குடியிருந்த கிருத்திகா, சேலத்துப் பெண், இதயக் கருவிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் கம்பெனியில் இருந்தாள். 2003 இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் சொன்னாள்:

"சார், ஒரு பேஷண்ட். கோபம், சந்தோஷம்னு நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறுதா எறங்குதான்னு அதுவே பார்த்து, அதுக்குத் தகுந்த மாதிரி துடிப்பைக் கூட்டிக் குறைக்கிற பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. செக்கப்ல பார்த்தா, நடந்தா லேசா ஏறுது, மத்தபடி துடிப்போட கோடு மட்டமா ஓடுது. மிஷின் ரிப்பேர்னு நினைச்சோம். மிஷின் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளு வாழ்க்கையிலதான் ஒண்ணுமே நடக்கல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள். நான் என் ஸ்டாப்பைக் கோட்டைவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: 'ஆஸ்டின் டவுனில் அன்று மழை—' வேண்டாம். மழையில் ஆரம்பிக்கும் கதையைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

இரண்டாவது: 'சின்னப்பாவின் இதயம் ஒரு—' அடித்துவிட்டேன். இதயம் ஒரு எதுவும் இல்லை, இதயம்தான்.

மூன்றாவது: 'நெஞ்சில் மிஷின் வைத்த நாளிலிருந்து சரசு புருஷனோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள்.'

இது தேறும்.

3.

சரசுவின் புருஷன் சின்னப்பா பேக்கரி அடுப்பு வேலையில் வெந்தவர். வாய் ஜாஸ்தி. ஞாயிற்றுக்கிழமையானால் அடுகோடியிலிருந்து தம்பி பச்சைமுத்து வருவான். கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு அண்ணனும் தம்பியும் தெருவே கேட்கும்படி அடித்துக்கொள்வார்கள். பிறகு ஒரே தட்டில் சாப்பிடுவார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் நல்லபடியாகத்தான் சொன்னார்: "மனசு எப்படிப் போகுதோ அதுக்கேத்த மாதிரி மிஷினும் மாறிக்கும்மா." சரசு காதில் விழுந்தது வேறு. மனசு ஏறினால் மிஷின் ஏறும். ரொம்ப ஏறினால் வெடிக்கும். அவரை யாரும் சீண்டக்கூடாதென்று தெருவுக்கே உத்தரவு போட்டுவிட்டாள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வந்தால் டிவி அணைந்துவிடும். பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் கேரமில் வேண்டுமென்றே தோற்பான். பச்சைமுத்துவை, "கொஞ்ச நாளைக்கு வராதப்பா, நீ வந்தா அவரு கத்துவாரு" என்று நிறுத்தியேவிட்டாள்.

"ஏன்டி, நான் செத்துட்டனா? என்னை ஒருத்தனும் திட்ட மாட்டேங்கறான்" என்றார் சின்னப்பா.

(பெண்டாட்டி திட்டவில்லை என்று குறைப்படும் புருஷனை நம்ப முடியுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. கல்யாணமானவர்கள் நம்புவார்கள்.)

4.

ஒருநாள் காலையில் ஓஸ்வால்ட் அடுகோடியிலிருந்து சேதியோடு வந்தான். பச்சைமுத்து செத்துப்போய்விட்டான். காபி கேட்டானாம், கொண்டுவருவதற்குள் போய்விட்டான். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அண்ணன் கையால் வாய்க்கரிசி விழாமல் அந்தக் குடும்பத்தில் பிணத்தைத் தூக்க மாட்டார்கள்.

சரசு அவனைக் குழாயடிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவருக்குத் தெரியக்கூடாது."

"அக்கா, கூடப் பொறந்தவன். நாளைக்குத் தெரிஞ்சா உன்னை மன்னிப்பாரா?"

"மன்னிக்காம உசுரோட இருக்கட்டும். ஒரே நாள்ல ரெண்டு சாவு என்னால ஆகாது ஓஸ்வால்ட்."

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவினாள். அழுதது தெரியாமலிருக்க இன்னொரு தரம் கழுவினாள். இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் வந்த கோபம் போய்விட்டது. எழுதுகிறவனுக்கு இப்படி ஆகக்கூடாது என்பார்கள். ஆகிவிட்டது, என்ன செய்ய?

5.

மாடியேறிப் போய் கிருத்திகாவிடம் கதையைச் சொல்லிக் கேட்டேன்: "வெடிக்குமா?"

"ஐயோ, வெடிக்காது சார். துக்கம் வந்தா துடிப்பு ஏறணும், அப்புறம் மெதுவா எறங்கணும். அதுக்குத்தான் வெச்சிருக்கோம். மனுஷனுக்குத் தகுந்தாப்ல மிஷின் மாறட்டும்னு செஞ்சா, இவங்க மிஷினுக்குத் தகுந்தாப்ல மனுஷனை மாத்திட்டாங்க."

"அப்போ சொல்லிடலாமா?"

"மிஷினுக்கு நான் பொறுப்பு. அவரு நெஞ்சு ரொம்ப வீக் சார். அதுக்கு யாரும் கேரண்டி தர முடியாது."*

*இந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். வெட்ட மனசு வரவில்லை.

6.

முடிவு அ: சரசு மறைக்கிறாள். அண்ணன் இல்லாமலே தம்பியை எடுத்துவிடுகிறார்கள். மாசங்கள் கழித்து யாரோ உளறிவிடுகிறார்கள். சின்னப்பா கத்தவில்லை. அவள் போட்ட சோற்றைத் தொடவும் இல்லை. செக்கப்பில் கோடு அப்போதும் மட்டமாகவே— இதை எழுதிவிட்டு நான் அன்று சாப்பிடவில்லை.

முடிவு ஆ: சொல்கிறாள். அவர் அடுகோடிக்குப் போகிறார், தம்பி வாயில் அரிசி போட்டுக் கதறுகிறார். துடிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. வீட்டுக்கு வந்து சரசுவை, "உன் மூஞ்சியைப் பார்த்தப்பவே எங்கடி மறைச்சிடுவியோன்னு பயந்தேன்" என்று திட்டுகிறார். பிரமாதம். ஆனால் இது என் நிம்மதிக்காக நான் எழுதிக்கொண்டது. சரசுவுக்கு இந்த வசதி கிடையாது, பாவம்.

முடிவு இ: சொல்கிறாள். அவர் எழுந்து நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு,

7.

என்னால் ஆகாது சாமி.

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சின்னப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருந்து வந்த சரசுவின் சிவந்த கண்ணைப் பார்த்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்கிறார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். ஓஸ்வால்ட், ஸ்கூட்டரை எடுத்து வருகிறேன் என்று நழுவுகிறான். நானும் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது நீங்கள்தான். எல்லாம் தெரிந்தவர் நீங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.

"நீங்களாவது சொல்லுங்க. என் தம்பியா?"